டெக்சாஸ் மாதிரி ஒரு வீதி

எழுதத் தொடங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை யாழ்ப்பாணத்தில் படித்தேன். மிச்சத்தை ஆக்லாந்தில் ஒரு பாடசாலையில் முடித்தேன். அதற்குமேல் போகவில்லை. கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னாலே கோப்பை கழுவுகிற இடத்துக்குப் போய்விடுவேன். நம்முடைய சங்கத்தின் ஆண்டுமலர்க் குழுவில் இருக்கும் தோழி ஒருத்திக்கு, ஒரு கலியாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து, "அதை எழுதித் தாவன்" என்று விடாமல் கேட்கிறாள். வெங்காயம் உரிக்கும்போது சொல்லக்கூடியது எழுத்தில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. லின்ஃபீல்டில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். அதற்குமுன் கிளென் ஈடனில் வேறு இரண்டு குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்தோம். நான் வரவேற்பறைச் சோபாவில்தான் படுப்பேன். பெரியவர்கள் தொலைக்காட்சி பார்த்து முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோலக் கிடப்பேன். லின்ஃபீல்டில் எனக்கென்று ஓர் அறை கிடைத்தது. கதவைச் சாத்தலாம், திறக்கலாம், திரும்பவும் சாத்தலாம். முதல் கிழமை முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த அறை எனக்கு நிலைக்குமா என்பது அம்மா கார் ஓட்டுவதில் தங்கியிருந்தது. அப்பா பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தார். அவருடைய சம்பளம் மட்டும் அந்த வீட்டு வாடகைக்குக் காணாது. நகரின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் அம்மாவுக்குப் பொதி கட்டும் வேலை ஒன்று சொல்லிவைத்திருந்தார்கள். விடிவதற்குமுன் தொடங்குகிற வேலை. அந்த நேரத்தில் எங்கள் பக்கத்திலிருந்து விரிக்குப் பேருந்து இல்லை. அப்பா கூட்டாளி ஒருவரின் வான் வண்டியில் போய்வருவார், ஆகவே கார் வாசலில் சும்மாதான் நிற்கும். ஓட்டுவதற்குத்தான் ஆளில்லை. மாதம் முடிவதற்குள் அம்மா ஓட்டுநர் சோதனையில் தேறவேண்டும். தேறாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும், நாங்கள் திரும்பவும் கிளென் ஈடன் சோபாவுக்குப் போவோம்.

அம்மாவுக்கு ஓட்டப் பழக்கியது அப்பா. வீட்டில் ஒரு சொல் அதட்டிப் பேசாதவர் காருக்குள் ஏறினால் வேறு ஆளாகிவிடுவார். பிரேக் இல்லாத பக்கத்தில் இருந்துகொண்டு காலால் தரையை மிதிப்பார். "இஞ்சாரும், பிறேக்! பிறேக்!" என்று அவர் போடும் சத்தத்தில் நடைபாதையில் போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள். ஒருநாள் சுற்றுவட்டம் ஒன்றின் நடுவில் அம்மா காரை நிறுத்தி, சாவியைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டுவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்து மீன் வெட்டத் தொடங்கிவிட்டார். அப்பா பின்னால் காரில் வந்து சேர்ந்தார். அதன்பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழகுநருக்கான மஞ்சள் நிற எல் பலகை மட்டும் காரின் பின்கண்ணாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நிலைமையில்தான் மாமா வந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரைவிட்டுப் போனபோது அவரிடம் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். பல நாடுகள் அலைந்து கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்ச்சேர்ந்து, வாகனம் ஓட்டவே அங்கேதான் பழகி, டெக்சாஸ் மாநிலத்தில் பெரிய லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அக்காவைப் பார்க்க விடுமுறை எடுத்து வந்திருந்தார். விமான நிலையத்தில் அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை முடியுமுன்னரே, "ஏன்ரா இப்பிடி மெலிஞ்சுபோனாய்?" என்று ஏசினார். மாமாவுக்கு நல்ல வயிறு வைத்திருந்தது. "அக்கா, முதல்ல உனக்கு ஒரு கண்ணாடி வாங்கவேணும்" என்றார் மாமா.

அவர் எனக்காகக் கொண்டுவந்தது அவருடைய பழைய வீதிப்படப் புத்தகம். என் அறைத் தரையில் அதை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்போம். நியூசிலாந்து முழுவதும் பாடசாலைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், சுற்றிவரக் கடல் வேறு மிச்சம் இருக்கும். டெக்சாஸ் ஒரு பக்கத்தில் தொடங்கி, அங்கே இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போய், அதிலும் முடியாமல் இன்னும் போகும். மாமா விரலால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார். நான் பக்கம் புரட்டிவிடுவேன்.

"விடிய வெளிக்கிட்டா பொழுதுபடேக்கையும் டெக்சாஸ்தான் பிள்ளை. படுத்தெழும்பி ஓடினாலும் டெக்சாஸ்தான்."

"அப்ப அது எங்க முடியும்?"

"ஓரிடத்தில நியூ மெக்சிகோ எண்டு பலகை நிக்கும். அங்கையும் இதே வெளிதான். மண் மட்டும் கொஞ்சம் சிவப்பு."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் என்னை வாய்பிளக்க வைத்தது. ஊரின் தண்ணீர்த் தாங்கி தூரத்தில் தெரியத் தொடங்கி, பாட்டு நாடா ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்தபிறகுதான் ஊர் வருமாம். இங்கே வெயில் எரிக்க, அங்கே தொலைவில் ஒரு மழை தனியே நின்று பெய்துகொண்டிருப்பது தெரியுமாம். லொறியின் ஆசனத்துக்குப் பின்னால் கட்டிலும் சின்னக் குளிர்ப்பெட்டியும் உண்டு. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, சோறு காய்ச்சும் சட்டியை மின்சாரத்தில் கொளுவிச் சமைப்பாராம். அங்குள்ளவர்கள் அவரை மெக்சிகோக்காரன் என்று நினைத்து ஸ்பானிய மொழியில் கதைப்பார்களாம், அவரும் மறுக்காமல் நாலு சொல் பதில் சொல்வாராம். ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் காலை எடுத்துவிடலாம், லொறி அதே வேகத்தில் தானாகப் போகும். "நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். றோட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகும்" என்றார். நான் அன்றிரவு கட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டில் ஓடுவதாக நினைத்துப் பார்த்தேன்.

அப்பா அவருக்கு 'டெக்சாஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார். அம்மா சுற்றுவட்டத்தில் இறங்கி நடந்த கதை சாப்பாட்டு மேசையில் வெளியே வந்தபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அத்தான் பழக்கினா ஆரெண்டாலும் இறங்கி ஓடத்தான் வேணும்."

"அப்ப நீர் பழக்கிக் காட்டும் பாப்பம், டெக்சாஸ்" என்றார் அப்பா.

மாமாவிடம் இதற்கு ஒரு கொள்கை இருந்தது. பயம் வருவது நகரத்துச் சந்திகளிலும் வளைவுகளிலும்தான். ஓர் ஆளை நீளமான நேர் வீதியில் கொண்டுபோய் விட்டால் பயம் தானாகக் கழன்று போய்விடும். ஆகவே, டெக்சாஸ் மாதிரி ஒரு வீதி வேண்டும். நியூசிலாந்துப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, றோட்டோ இடியப்பமோ?" என்று கேட்டார். "இஞ்ச வேகம் எடுத்தா நேர கடலுக்குள்ளதான் இறங்கவேணும்." கடைசியில் அப்பாதான், பொம்பே மலையைத் தாண்டி ஹௌராக்கிச் சமவெளியில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல வீதிகள் இருப்பதாக, தொழிற்சாலைச் சுற்றுலாவில் கண்டதைச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அம்மா டெக்சாஸுக்கே போவதுபோலச் சாப்பாடு கட்டினார். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், செத்தல் மிளகாய்ச் சம்பல், போத்தலில் தேநீர். சில்லுகளுக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் இல்லை. பக்கத்து வீட்டு மரத்தில் காய்க்கும் பெரிய மஞ்சள் லெமனைக் கேட்டு வாங்கி வைத்தோம். "என்ர லொறிக்குப் பதினெட்டுச் சில்லு. சில்லுக்கு ஒண்டு வைச்சா ஒரு மரம் காணாது அக்கா" என்றார் மாமா. கார் ஏறியபோது அவை பெரிய சத்தத்தோடு வெடித்தன. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. பிறகும் ஒருபோதும் கேட்டதில்லை. அப்பா இரவு வேலையால் வந்து படுத்திருந்தார்.

போகும்போது மாமா ஓட்டுவது, நேர் வீதி வந்ததும் அம்மா மாறுவது என்பது ஏற்பாடு. நான் பின்னால் நடுவில், இரண்டு ஆசனங்களுக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். மாமா உதட்டுக்குள் ஏதோ உச்சரித்துக்கொண்டே ஓட்டினார். உற்றுக் கேட்டபோது, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கேட்டது. லொறிக்காரர்களின் மந்திரமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும், நல்ல வெயிலில், கண்ணாடியின் வைப்பர் இரண்டும் எழும்பி ஆடும். அமெரிக்க வாகனத்தில் திரும்பும் விளக்குப் போடும் பிடி எங்கள் காரில் வைப்பர் பிடி இருந்த பக்கத்தில் இருக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? அமெரிக்காவில் திரும்புவதற்குமுன் மற்ற வாகனங்களுக்குக் கைகாட்டும் முறை இதுதான் போலும் என்று நம்பினேன்.

பொம்பே என்று பலகையைக் கண்டதும், "பொம்பே எப்ப இஞ்ச வந்தது?" என்றார் மாமா. மலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் போனபின், ஒரு திருப்பத்தில் குன்றுகள் விலகின. நான் அதுவரை நியூசிலாந்தில் அப்படி ஓர் இடத்தைக் கண்டதில்லை. எங்கே பார்த்தாலும் மட்டமான பச்சை. மாடுகள் புள்ளிகளாக நின்றன. வானம் தலைக்குமேல் மட்டும் இல்லாமல் எங்கள் கதவு மட்டம்வரை இறங்கியிருந்தது. பெரிய வீதியை விட்டு ஒரு கிளை வீதியில் மாமா காரைத் திருப்பினார். வைப்பர் ஆடியது. முன்னால் வீதி ஒரு சாம்பல் நிற நாடாபோலக் கிடந்து, தொலைவில் நூலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. இரு பக்கமும் ஆழமான வாய்க்கால்.

மாமா வேகத்தைக் குறைத்துவிட்டார். "அக்கா, இதுதான்" என்றார். கோயிலுக்குள் கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

அந்த வீதியில் தனியாக நின்ற ஒரு டெயரியில், இங்கே சின்ன மளிகைக் கடைக்கு அதுதான் பெயர், ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோதே அம்மாவின் முகத்தில் இரத்தமில்லை. ஐஸ்கிறீம் கையில் உருகி ஒழுகியது. "நீ கொஞ்சத் தூரம் ஓடிக் காட்டு தம்பி, பிறகு நான் எடுக்கிறன்" என்றார். மாமா சிரித்துக்கொண்டு சாவியைப் போட்டார்.

கடை வாசலிலிருந்து கார் வீதியில் ஏறியபோது மாமா ஒரு கதையின் நடுவில் இருந்தார். மேற்கு டெக்சாஸில் ஒரு நேர் வீதியில் போகும்போது எதிரே ஒரு வெளிச்சத்தைக் கண்டாராம். அந்த வாகனம் வந்து இவரைக் கடப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டாராம். அம்மா ஐஸ்கிறீமையும் மறந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் குரலை இத்தனை வருடம் தொலைபேசியில் மட்டும் கேட்டவர். கார் வழுக்கிக்கொண்டு போனது. வீதியின் நடுக்கோடு அதுவரை மாமாவின் பக்கத்தில் ஓடியது, இப்போது அம்மாவின் பக்கத்தில் ஓடுவதைக் கண்டேன். எனக்கு மயிர் கூச்செறிந்தது. மாமா எங்களுக்காக இந்த இடத்தை மாற்றிக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

"மாமா, இப்ப டெக்சாஸ் மாதிரியோ?"

"ஓம் பிள்ளை. அச்சொட்டு டெக்சாஸ்."

தொலைவில், வீதி நூலாகும் இடத்தில், ஒரு வெள்ளிப்புள்ளி மினுங்கியது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. பால் ஏற்றும் லொறி, பின்னால் இன்னொரு தாங்கியையும் இழுத்துக்கொண்டு வந்தது. மாமா கதையை நிறுத்தினார்.

"இவன் என்ன, என்ர பக்கத்தில வாறான்? விசரன்! எடடா! அங்கால எடு!"

ஹோர்னை அழுத்தினார். வெளிச்சம் காட்ட எதையோ இழுத்தார். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியடித்து வைப்பர் படபடவென்று ஆடியது. அதற்குள் எதிரிலிருந்து அந்த லொறியின் ஹோர்ன் வந்தது. ஒரு கப்பல் கூப்பிடுவதுபோல நீளமாக வந்தது. மாமா கொஞ்சமும் அசையவில்லை. அவருக்குத் தன் பக்கம் இதுதான் என்பதில் அவ்வளவு உறுதி.

"தம்பி" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. "தம்பி, நாங்கள்தான்."

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கார் வீதியைக் குறுக்கே வெட்டிப் புல்லில் ஏறி, வாய்க்காலுக்குமுன் சரிந்து நின்றது. வெள்ளி லொறி கடந்துபோன காற்றில் கார் ஒருமுறை ஆடியது. புட்டுப்பெட்டி கவிழ்ந்து என் மடியெல்லாம் புட்டு. அம்மாவின் ஐஸ்கிறீம் டாஷ்போர்டில் குத்தி நின்றது.

மாமா கதவைத் திறந்து இறங்கிப் புல்லில் குந்தி, முழங்கால்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்றே நினைத்தேன். நானும் சிரித்தேன்.

பால் லொறி தூரத்தில் நின்றது. அரைக்காற்சட்டையும் ரப்பர்ச் சப்பாத்தும் போட்ட பெரிய மனிதர் ஒருவர் இறங்கி நடந்து வந்தார். ஏசப்போகிறார் என்று அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் எல்லோருக்கும் சுகமா என்று கேட்டார். பிறகு காரின் பின்னால் இருந்த எல் பலகையைப் பார்த்தார், புல்லில் குந்தியிருந்த மாமாவைப் பார்த்தார். மாமாவுக்குப் பக்கத்தில் தானும் குந்தி, முதுகில் தட்டி, பழகும்போது எல்லோருக்கும் இது நடக்கும், மனம் தளராதே, இந்த நாட்டில் எப்போதும் இடது பக்கம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். டெக்சாஸ் முழுவதையும் லொறியில் அளந்த மாமா, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல ஒரு கையை உயர்த்தினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ஆம் த லேர்னர். ஹீ இஸ் த டீச்சர்" என்றார்.

அந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்படியானால் இனி நீங்கள் ஓட்டுவதுதான் நல்லது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காரைப் பின்னால் எடுக்கக் கைகாட்டி, வீதியில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

அம்மா ஓட்டினார். முதலில் மாடு நடக்கும் வேகம். பின்னால் வாகனங்கள் சேர்ந்தால் ஓரத்தில் நிறுத்தி எல்லோரையும் போகவிட்டார். பெரிய வீதியில் ஏறினோம். பொம்பே மலையில் ஏறி இறங்கினோம். அதிவேகப் பாதையில் சேரும் இடம் வந்தது. அப்பாவோடு அந்த இடத்துக்கு அம்மா ஒருநாளும் போனதில்லை. பக்கத்தில் லொறிகள் சுவர் சுவராக ஓடின. அம்மாவின் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. "முருகா" என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு உள்ளே விட்டார். இரண்டு லொறிகளுக்கு நடுவில், அந்த இடம் எங்களுக்கென்றே வைத்திருந்ததுபோல, எங்கள் சின்னக் கார் போய் இருந்தது. நான் அன்றுவரை அம்மாவைச் சமையலறையிலும் வைத்தியசாலை வரிசையிலும்தான் பார்த்திருந்தேன். அந்தக் கழுத்தும், நிமிர்ந்த முதுகும், கண்ணாடியில் தெரிந்த கண்களும் யாருடையவை என்று திகைத்துப்போய் இருந்தேன்.

சட்டப்படி பக்கத்தில் இருந்து வழி சொல்லவேண்டிய மாமா, மலை இறங்கும்போதே நித்திரையாகிவிட்டார். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்திருந்தது.

அம்மா அந்த மாதமே சோதனையில் தேறி, விரியில் நெடுங்காலம் வேலை செய்தார். அறை எனக்கே நிலைத்தது. மாமாதான் அம்மாவை ஓட்டவைக்க இத்தனையும் வேண்டுமென்று செய்தார் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். வளர்ந்த பிறகும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அம்மா அதைத் திருத்தவில்லை. அப்பாவிடமும், "தம்பிதான் பழக்கினவன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா எஞ்சினை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. நான் கதவில் கைவைத்ததும் திரும்பி, வாயில் விரலை வைத்தார். அப்பா சத்தம் கேட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "என்ன, டெக்சாஸ்..." என்று தொடங்கியவர், அம்மா எந்த ஆசனத்தில் இருக்கிறார் என்பதைக் கண்டார். அம்மா கையால் பொறுங்கள் என்று காட்டினார். அப்பா வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார். அம்மா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாமாவின்மேல் போட்டுவிட்டு, திரும்பவும் ஸ்டியரிங்கில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார். வீதி விளக்குகள் எரியத் தொடங்கின. எனக்குப் பசித்தது, ஒண்டுக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோமே, தட்டி எழுப்பிவிட்டு இறங்கினால் என்ன என்று எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதன் நித்திரை கொள்வதை ஏன் இத்தனை பேர் காவல் இருக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்தது. அம்மா அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவொண்டேல் சந்தைக்குக் காரில் போய்வந்தார். வெண்டிக்காய் கிடைக்கவில்லை.